கொடுக்காத கம்பிக்கு 118 டாலர்

வாடகைக் கார் கம்பெனியிடமிருந்து நேற்று மாலை வந்த பில்லின் கடைசி வரி இது: "ஸ்டெப்னி இறக்கும் கம்பி காணவில்லை, 118 டாலர்." அதற்கு முந்தைய வரி: "அளவுக்கு மீறிய சேறு, கழுவும் கட்டணம் 250 டாலர்." எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டையும் கிரெடிட் கார்டில் எடுத்தும் விட்டார்கள். படிக்கும்போதே எனக்குக் கை நடுங்கியது. காணவில்லையாம். இருந்தால்தானே காணாமல் போவதற்கு?

வாடகைக்குக் கார் எடுத்து ஏமாந்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சலை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கம்பி எந்தச் சாலையில் எங்களிடம் இல்லாமல் போனது என்பதைச் சொல்லாமல் என் ஆத்திரம் ஆறாது.

கனடாவின் வடமேற்கு மூலையில், டாசன் நகருக்குச் சற்றுக் கிழக்கே பிரிந்து இனுவிக் வரை 700 கிலோமீட்டருக்கு மேல் போகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. 1979-இல் திறந்தார்கள். இரு முனைகளில் சில கிலோமீட்டர் தவிர தார் கிடையாது. பூமிக்கு அடியில் நிரந்தரமாக உறைந்திருக்கும் மண் உருகிவிடக் கூடாது என்பதற்காக மேலே கனமாகச் சரளையைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சரளையில் ஏடு ஏடாகப் பிளந்த கல் கலந்து கிடக்கிறது. ஒவ்வொரு துண்டும் அரிவாள்மணை. முதல் பெட்ரோல் பங்க் 369-ஆவது கிலோமீட்டரில், ஈகிள் பிளெய்ன்ஸில். அதற்கு முன் வழியில் ஓர் ஊர் இல்லை. கைபேசிக்குச் சிக்னல் இல்லை. அங்கே போகிறவர்களுக்கு அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் சொல்வது, நல்ல டயரோடு போ, முழு அளவு ஸ்டெப்னி எடுத்துக்கொள், முடிந்தால் இரண்டாக எடுத்துக்கொள் என்பதுதான்.

நாங்கள் கேட்காமல் போகவில்லை. மார்ச்சில் தொலைபேசியில் கேட்டேன். மே மாதம் மின்னஞ்சலில் கேட்டேன். ஜூனில் வைட்ஹார்ஸ் நகரில் இறங்கி, வாடகைக் கம்பெனியின் கவுன்டரில் நின்று மூன்றாவது முறையும் கேட்டேன். சரளைச் சாலையில் ஓட்ட அனுமதி என்று தனியாக ஒரு கட்டணமும் கட்டினோம். "முழு அளவு ஸ்டெப்னி இருக்கிறது, மாற்றுவதற்கான சாமான்கள் எல்லாம் பின்னால் இருக்கின்றன" என்றான் அந்தப் பையன். குனிந்து பார்த்தோம். வண்டிக்கு அடியில் டயர் தொங்கியது. நம்பிக் கையெழுத்துப் போட்டோம்.

280-ஆவது கிலோமீட்டர். இரவு பதினொன்று. ஜூன் மாதம் என்பதால் சாயங்காலம் போல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பின்பக்க வலது டயர் படபடவென்று அடித்தது. இறங்கிப் பார்த்தால் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். என் கணவர் பதற்றப்படவில்லை. சேலத்தில் இருந்த நாளிலேயே லாரி ஷெட்டில் நின்று பழகியவர், டயர் மாற்றுவது அவருக்குப் பெரிய காரியமே இல்லை. ஜாக்கியை எடுத்தார், ஸ்பானரை எடுத்தார், நட்டுகளைத் தளர்த்தினார். அடுத்து ஸ்டெப்னியை இறக்க வேண்டும். பம்பருக்கு மேலே ஒரு துளை இருக்கிறது. அதில் ஒரு நீளக் கம்பியை விட்டுத் திருகினால் டயர் சங்கிலியோடு கீழே இறங்கும். சாமான் பையைத் திறந்தார். அதில் மூன்று பள்ளங்கள். ஒன்றில் ஜாக்கி இருந்த இடம். ஒன்றில் ஸ்பானர் இருந்த இடம். மூன்றாவது பள்ளம் நீளமாக, கம்பியின் வடிவத்தில் பதிந்து, வெறுமையாக இருந்தது.

அந்த வெறும் பள்ளத்தை நான் எத்தனை முறை தடவிப் பார்த்திருப்பேன்! பிறகு வண்டியில் இருந்த ஒவ்வொரு பொருளையும் சாலையோரம் இறக்கினோம். அரிசிப் பை, குக்கர், படுக்கை, தண்ணீர்க் கேன்கள். இருக்கைகளைத் தூக்கிப் பார்த்தோம். தரைவிரிப்பைப் புரட்டினோம். கதவு அறைகளில் கைவிட்டுத் துழாவினோம். கம்பி இல்லை. கூடாரம் அடிக்கும் முளையை விட்டுத் திருகினார். வளைந்துபோனது. திருப்புளியை விட்டார், எட்டவில்லை. சாம்பார்க் கரண்டியின் காம்பைக்கூட விட்டுப் பார்த்தார். கடைசியில் அந்தக் கூர்ச் சரளையின் மேல் மல்லாந்து படுத்து, அடியிலிருந்து இடுக்கியால் திருகப் பார்த்தார். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கொசு மேகமாக மொய்த்தது. நான் துண்டால் விசிறிக்கொண்டே நின்றேன். டயர் கண்ணெதிரே தொங்குகிறது. நல்ல டயர், காற்று நிறைந்த டயர். அதை எடுக்க வழியில்லை.

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் அப்படியே போனது. அதற்குள் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வந்தார். அவரிடமும் கம்பி இல்லை. ஈகிள் பிளெய்ன்ஸில் சொல்கிறேன் என்று விரைந்தார். அதற்குப் பிறகு ஒரு பிக்கப் வந்து நின்றது. வடக்கே ஃபோர்ட் மெக்பெர்சன் ஊரைச் சேர்ந்த, குவிச்சின் என்ற பழங்குடித் தம்பதி, எங்களைவிட மூத்தவர்கள். அந்தப் பெரியவர் எதுவும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தார், தன் வண்டிக்குப் போனார், ஒரு கம்பியோடு வந்தார். இரண்டும் ஒரே கம்பெனி தயாரித்த வண்டி என்பதால் அது பொருந்தியது. பத்தே நிமிடத்தில் டயர் மாறிவிட்டது. அந்த அம்மாள் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, என் கணவரின் முழங்கைக்குக் கட்டும் போட்டுவிட்டார். பணத்தை நீட்டினால் இருவரும் வாங்கவில்லை.

இந்தச் சாலைக்கு ஏன் டெம்ப்ஸ்டர் என்று பெயர் என்பது அந்த வாடகைக் கம்பெனிக்குத் தெரியுமா? 1910 டிசம்பரில் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பிய நான்கு போலீஸ்காரர்கள், கூட வந்த குவிச்சின் வழிகாட்டியை நடுவழியிலேயே அனுப்பிவிட்டு, பாதை தவறி, பசியிலும் குளிரிலும் சிக்கி உயிரை விட்டார்கள். 1911-இல் அவர்களைத் தேடிப் போய் உடல்களைக் கண்டுபிடித்தவர்தான் டெம்ப்ஸ்டர். அவர் பெயரைத் தாங்கிய சாலைக்கு, டயரை இறக்கக் கம்பி இல்லாமல் ஒரு வண்டியை அனுப்புகிறார்கள். ஜூன் என்பதால் கொசுக்கடியோடு போயிற்று. ஜனவரியாக இருந்திருந்தால்?

ஈகிள் பிளெய்ன்ஸ் போய்ச் சேர்ந்ததும் வாடகைக் கம்பெனியின் அவசர உதவி எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டேன். பிறகு ஒரு குரல், எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று கேட்டது. டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை, 369-ஆவது கிலோமீட்டர் என்றேன். குறுக்குத் தெரு எது என்று கேட்டது. குறுக்குத் தெரு கிடையாது, அடுத்த ஊரே 180 கிலோமீட்டர் தள்ளி என்றேன். அப்படியானால் அஞ்சல் குறியீட்டைச் சொல்லுங்கள் என்றது. நான் கத்திவிட்டேன். கத்தியதற்காக எனக்குத் துளியும் வருத்தமில்லை. "கம்பி இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறோம், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பேசிக்கொள்ளுங்கள்" என்று வைத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்த அன்றும் சொன்னேன். அந்தப் பையன் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டான்.

எழுதிக்கொண்டதைத்தான் பில்லாக அனுப்பியிருக்கிறார்கள்! கம்பி இல்லை என்று நான் கொடுத்த புகாரையே, நான் தொலைத்ததற்குச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள். கேட்டால், "எடுக்கும்போது எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள். சேற்றுக்கு 250 டாலராம். புழுதி கிளம்பாமல் இருக்க அந்தச் சாலையில் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள், மழை பட்டால் அது சிமென்ட் போல வண்டியில் அப்பிக்கொள்ளும். அது தெரியாமலா சரளைச் சாலை அனுமதிக்குத் தனிப் பணம் வாங்கினார்கள்?

அந்த வெறும் பள்ளத்தை அன்றிரவே படம் எடுத்து வைத்திருக்கிறேன். நேரம் பதிவாகியிருக்கிறது, இடமும் பதிவாகியிருக்கிறது. நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் அனுப்பப் போகிறேன்.

இவரோ, "விடு, 368 டாலர்தானே, நல்லபடியாக வந்து சேர்ந்தோமே" என்கிறார். எனக்கு இப்போது கம்பெனியைவிட இவர் மேல்தான் கோபம். விடு, விடு என்றே இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டார். நம்முடைய பார்க்கிங் இடத்தில் மாடி வீட்டுக்காரர் எட்டு மாதமாகத் தன் வண்டியை நிறுத்துகிறார், அதற்கும் இதே "விடு"தான். பனியில் மளிகைப் பையைச் சுமந்துகொண்டு தெருக்கோடியிலிருந்து நடந்து வருவது நான். நாளைக்குக் கம்பெனியை அழைத்துவிட்டு, அப்படியே மாடிக்கும் போகப் போகிறேன்.