ஃபண்டின் தராசிலும் கிலோ கழிப்பார்கள்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று தராசிலேயே போய்விடும். சம்பளத் துண்டில் அது கழிவாகவே தெரியாது, பறித்ததே அவ்வளவுதான் என்பது மாதிரி இருக்கும். முதலீட்டு ஃபண்டின் கட்டணமும் இப்படித்தான். யாரும் உங்களுக்குப் பில் அனுப்பமாட்டார்கள். தினமும் கழித்துவிட்டுத்தான் யுனிட் (ஃபண்டின் ஓர் அலகு) விலையையே அறிவிக்கிறார்கள்.

நிலையான வைப்பு வட்டி மறுபடியும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய பிறகு, ஹட்டனிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் "எமர்ஜிங் மார்க்கெட் ஃபண்ட்" என்ற பேச்சு காதில் விழுகிறது. அதாவது வளர்ந்துவரும் நாடுகளின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் நிதியம். விற்பவர்கள் வளர்ச்சியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், ஆபத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறார்கள், கட்டணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. என் கருத்து, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்த வருடம் சந்தை ஏறுமா இறங்குமா என்று எவருக்கும் தெரியாது. எவ்வளவு கழிப்பார்கள் என்பது மட்டும் இன்றைக்கே தெரியும்.

ஒரு கணக்கு. ஒரு லட்சம் ரூபா, 20 வருடம், வருடத்துக்கு 10 வீத வளர்ச்சி என்று வையுங்கள். கட்டணமே இல்லையென்றால் 6 லட்சத்து 72 ஆயிரம். வருடக் கட்டணம் 0.1 வீதம் என்றால் 6 லட்சத்து 60 ஆயிரம். 2 வீதம் என்றால் 4 லட்சத்து 66 ஆயிரம். அதோடு உள்ளே போகும்போதே 3 வீதம் நுழைவுக் கட்டணம் எடுத்தால் 4 லட்சத்து 52 ஆயிரம். மலிவான ஃபண்டுக்கும் கடைசியாகச் சொன்னதற்கும் இடையில் போட்ட முதலைப்போல இரண்டு மடங்கு காணாமல் போகிறது. "வெறும் இரண்டு வீதம்தானே" என்பார்கள். அந்த இரண்டு, லாபத்தில் இல்லை, முழுத் தொகையில். பத்து ரூபா விளைந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. நட்டம் வந்த வருடத்திலும் அதே இரண்டு போகும். பழைய கங்காணிமாரின் தலைக்காசு நினைவுக்கு வருகிறது: ஆள் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்தால் போதும், கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு, அவனுக்கு என்ன மிஞ்சியது என்பது கங்காணியின் கவலை இல்லை.

ஒரே வகைச் சரக்குக்கு இவ்வளவு விலை வித்தியாசம் இருக்குமா என்று கேட்கலாம். இருக்கிறது. பிளாக்ரொக் நிறுவனத்தின் ஐஷெயார்ஸ் பெயரிலேயே இப்படி இரண்டு எமர்ஜிங் மார்க்கெட் ஃபண்டுகள் அமெரிக்கச் சந்தையில் உண்டு. பழைய இஇஎம் (EEM) வருடத்துக்கு ஏறத்தாழ 0.7 வீதம் எடுக்கிறது, ஐஇஎம்ஜி (IEMG) 0.1 வீதத்தை ஒட்டி எடுக்கிறது. இரண்டும் பெரும்பாலும் அதே நாடுகள், அதே பெரிய கம்பனிகள். முகவர் வழியாக விற்கப்படும், மேலாளர் தானே பங்கு தெரிவு செய்யும் ஃபண்டுகளில் 1.5, 2 வீதம் என்பது சாதாரணம்.

ஒப்பிடுவதற்கு எளிய வழி: நுழைவுக் கட்டணத்தை நீங்கள் வைத்திருக்கப் போகும் வருடங்களால் வகுத்து, வருடக் கட்டணத்தோடு கூட்டுங்கள். நுழைவு 3, வருடத்துக்கு 2, மூன்று வருடம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 3 வீதம். உள்ளூர் ஃபண்டுகளான யுனிட் ட்ரஸ்ட்களில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு போடுவார்கள். அந்த இடைவெளியில்தான் நுழைவுக் கட்டணம் ஒளிந்திருக்கும். பணத்தை டொலராக்கி அனுப்புவதானால் இன்னும் இரண்டு ஓட்டை. வங்கி 305க்கு விற்று 296க்கு வாங்குகிறது என்று வையுங்கள், போய்வருவதிலேயே 3 வீதம் காலி. அனுப்பும் கட்டணம் 25 டொலர் என்றால், 200 டொலர் அனுப்புகிறவருக்கு அது 12.5 வீதம். சிறுகச் சிறுக மாதாமாதம் அனுப்புவது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கட்டணத்தோடு அது நல்ல பழக்கம் இல்லை.

இனி ஆபத்து. இந்த ஃபண்டுகள் பெரும்பாலும் எம்எஸ்சிஐ நிறுவனத்தின் வளர்ந்துவரும் சந்தைச் சுட்டெண்ணை, அதாவது எந்த நாட்டுப் பங்கு எவ்வளவு என்ற பட்டியலை, பார்த்து நடப்பவை. பெயரில் இருபத்துநான்கு நாடுகள் இருந்தாலும் சீனா, தாய்வான், இந்தியா, தென்கொரியா நான்கும் சேர்ந்தே முக்கால் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே "உலகம் முழுக்கப் பரவிய முதலீடு" என்ற பேச்சை அப்படியே விழுங்க வேண்டாம். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, ஒரு படி கீழே எல்லைநிலைச் சந்தைகளோடு, அதாவது இன்னும் சிறிய சந்தைகளோடு, இருக்கிறது.

2008இல் இந்தச் சுட்டெண் டொலர் கணக்கில் 53 வீதம் விழுந்தது, 2009இல் 78 வீதம் ஏறியது. கேட்க நன்றாயிருக்கிறது, கூட்டிப் பாருங்கள்: 100 ரூபா 47 ஆகி, பிறகு 83 ஆனது. 78 வீதம் ஏறியும் போட்ட காசு திரும்பவில்லை. 2022 மார்ச்சில் ரஷ்யப் பங்குகளை இந்தச் சுட்டெண்ணிலிருந்து பூச்சியத்தை ஒட்டிய விலையில் நீக்கினார்கள். அந்தக் கம்பனிகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் வெளிநாட்டுக்காரரால் பங்கை விற்க முடியவில்லை. நமக்கும் அது புதிதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், கடன் கட்டமுடியாது என்று அரசு அறிவித்த பிறகு, கொழும்பு பங்குச் சந்தை புத்தாண்டு விடுமுறை முடிந்தும் ஐந்து வேலை நாட்கள் பூட்டிக் கிடந்தது. விலை விழுவது ஓர் ஆபத்து, விற்கவே வழியில்லாமல் போவது இன்னோர் ஆபத்து. விற்பனைத் தாளில் இரண்டாவதைச் சின்ன எழுத்தில்தான் தேட வேண்டும்.

ரூபாவும் இடையில் வந்து குழப்பும். டொலர் 200 ரூபாவாக இருந்தபோது 1,000 டொலர் போட்டவர், ஃபண்ட் 20 வீதம் விழுந்தபின் 360க்கு மாற்றினால் 2 லட்சம் 2 லட்சத்து 88 ஆயிரமாகிறது. ஃபண்ட் நட்டம், அவருக்கு லாபம். 2022இன் பீதியில் 360க்கு டொலர் வாங்கியவர், ஃபண்ட் அசையாமல் நின்றாலும் 300க்கு மாற்றும்போது 16 வீதத்துக்கு மேல் இழக்கிறார். ஆகவே "என் மச்சானுக்கு நல்ல லாபம் வந்தது" என்று யாராவது சொன்னால், எந்த வருடம், எந்த விலைக்கு டொலர் என்று கேளுங்கள். பாதிப் புகழ் ரூபாவுக்குரியதாக இருக்கும்.

லண்டனில் இருப்பவருக்கு இந்த ஃபண்ட் ஒரு புது ஆபத்து. நமக்கு அப்படியில்லை. சம்பளம் தேயிலை விலையில் தொங்குகிறது, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தில் பெரும்பகுதி அரசின் பிணைமுறிகளில் இருக்கிறது, வைப்பு ரூபாவில் இருக்கிறது. குடும்பம் முழுவதுமே ஏற்கனவே ஒரே ஒரு பலவீனமான சந்தையில் முதலீடு செய்திருக்கிறது, தெரிந்தெடுக்காமலே. இந்தக் கோணத்தில் பார்த்தால், மலிவான, பரந்த ஒரு வெளிநாட்டு ஃபண்ட் நமக்கு ஆபத்தைக் குறைக்கவும் கூடும். அதற்காகவே நான் இதை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அதே காரணத்துக்காக, எல்லைநிலைச் சந்தைகளில் மட்டும் போடும் ஃபண்டையோ, கொழும்புப் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் ஃபண்டையோ "பரவலாக்கம்" என்று யாராவது விற்றால் நம்பமாட்டேன். மழை பெய்யும்போது இரண்டு வீட்டிலும் ஒரே தகரம் ஒழுகும்.

நகை அடகில் இருந்தால் முதலில் அதை மீட்க வேண்டும், அந்த வட்டியை நிச்சயமாக வெல்லும் ஃபண்ட் எதுவும் இல்லை. ஆறு மாதச் செலவு கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வங்கி வைப்புக்கு ஆளுக்கு, வங்கிக்கு 11 லட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு, யுனிட் ட்ரஸ்டுக்கு இல்லை. அதற்கு மேல், பத்து வருடம் தொடத் தேவைப்படாத பணத்தில் ஒரு சிறு பங்கு, பத்தில் ஒன்றுக்கு மேல் போகாமல். உள்ளூரில் விற்பவர் என்றால் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிருந்து பணத்தை வெளியே முதலிடுவதற்கு 2020 முதல் கட்டுப்பாடுகள் வந்தும் தளர்ந்தும் இருக்கின்றன, ஆகவே இன்றைய எல்லை என்ன என்று வங்கியில் எழுத்தில் கேட்க வேண்டும். வட்ஸ்அப்பில் வரும் கணக்கு இலக்கத்துக்குப் பணம் போடச் சொல்பவர் எந்தச் சந்தையையும் விற்கவில்லை. கனடாவில் உள்ள அண்ணன் பெயரில் வாங்கினால் சட்டப்படி அது அண்ணனின் சொத்து. வரி அவருக்கு, அவர் போனபின் உரிமை அவருடைய வாரிசுகளுக்கு.

மலையகக் குடும்பங்களைப் பிடிக்கும் இன்னொரு வலை டுபாயிலும் கட்டாரிலும் வேலை செய்பவர்களிடம் விரிக்கப்பட்டது. காப்புறுதிக் கம்பனி நடத்தும், 15 வருடம், 25 வருடம் என்று மாதாமாதம் கட்டும் சேமிப்புத் திட்டம். உள்ளே எமர்ஜிங் மார்க்கெட் ஃபண்டும் ஒன்று இருக்கும். காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு கட்டணம், நிர்வாகத்துக்கு ஒன்று, ஃபண்டுக்கு ஒன்று என்று அடுக்கி எடுப்பார்கள். பல பழைய திட்டங்களில் முதல் ஒன்றரை, இரண்டு வருடம் கட்டுவது "ஆரம்ப யுனிட்" என்று தனியாகப் போகும். திட்டம் முடியும்வரை அதன்மேல் கூடுதல் கட்டணம், இடையில் விட்டால் பெரும்பகுதி வராது. முகவரின் கொமிஷன் முன்கூட்டியே போய்விட்டது, அதைத்தான் உங்களிடமிருந்து மீட்கிறார்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: இன்று விட்டால் கையில் வருவது எவ்வளவு, தொடர்ந்தால் எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை வீதம். தாளில் 10,000 டொலர், இன்று விட்டால் 7,000, திட்டத்தின் மொத்தச் செலவு 4 வீதம், வெளியே மலிவான ஃபண்டில் 0.5 வீதம், வளர்ச்சி 8 வீதம் என்று வையுங்கள். இன்னும் 10 வருடம் என்றால் உள்ளே இருந்தால் ஏறத்தாழ 14,800, வெளியே வந்தால் 14,400. இருந்துவிட்டுப் போகலாம், புதிதாகக் கட்டுவதை மட்டும் நிறுத்த முடியுமா என்று பாருங்கள். 15 வருடம் மிச்சம் என்றால் உள்ளே 18,000, வெளியே 20,700. அப்போது அந்த 3,000ஐ இன்றே விட்டுவிட்டு வருவதுதான் லாபம்.