தலையில் அடிபட்டவனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்துவிட்டது

ஞாயிறு இரவு மின்னொளி கபடியில் நடந்ததை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். தலையில் அடிபட்ட பையனை மறுபடி களத்தில் இறக்கியிருக்கக் கூடாது என்று அந்தக் காணொளியின் கீழ் நான் எழுதியதற்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். எதுவும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என்னோடு ஒரே அணியில் ஆடியவரே "அடிபட்டால்தான் ஆட்டக்காரன்" என்று எழுதியதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

காணொளியை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். கார்னரில், அதாவது தடுப்பவர்களின் வரிசையில் ஓரத்தில், நின்ற பையன் கணுக்காலைப் பிடிக்கப் பாய்கிறான். பாடி வந்தவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் மோதுகிறது. எழுந்தவன் நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் பக்கம் நடக்கிறான். தன் பக்கம் எது என்றே அவனுக்குத் தெரியவில்லை. கூட்டம் சிரிக்கிறது. தலையில் தண்ணீரை ஊற்றி, சோடா கொடுத்து, அவனை மறுபடியும் களத்தில் இறக்குகிறார்கள். ஒலிபெருக்கியில் "சிங்கக்குட்டி" என்கிறார்கள். கபடி அணியில் மாற்று ஆட்டக்காரர்கள் எதற்காக வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்?

நான் சொன்னது ஒன்றுதான். தலையில் அடிபட்டுத் தடுமாறுகிறவனுக்கு அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்துவிட்டது. கபடியை நிறுத்தச் சொல்லவில்லை, கமிட்டியைத் திட்டவில்லை, யாருடைய ஊரையும் குறை சொல்லவில்லை.

"அவனே ஆடுகிறேன் என்றானே" என்கிறார்கள். அடிபட்டது மூளையில், அந்த நிமிடத்தில் அவன் சொல்லும் சொல்லை எப்படி நம்புவது? 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. மருத்துவர்கள் பரிசோதித்த பிறகுதான் அவர் திரும்பி வந்து மட்டை பிடித்தார். மறுநாள் காலையில் தலைவலியும் மந்தமும் வந்துவிட, அவருக்குப் பதிலாக லபுஷேன் ஆடினார். அத்தனை வசதியும் மருத்துவர்களும் இருந்த இடத்திலேயே அறிகுறி ஒரு நாள் தாமதமாகத்தான் வெளிப்பட்டது என்றால், சோடாவைக் குடித்துவிட்டு எழுந்து நின்றதை வைத்து நாம் எதை முடிவு செய்கிறோம்?

"அந்தக் காலத்தில் ஆடாதவர்களா, அவர்களுக்கு என்ன ஆகிவிட்டது" என்று இன்னொருவர் கேட்கிறார். அந்தக் காலத்திலும் ஆகத்தான் செய்தது. குத்துச்சண்டைக்காரர்களின் நடை தள்ளாடுவதையும் பேச்சு குழறுவதையும் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதி வைத்தார். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில், தலையால் பந்தை முட்டி கோல் அடிப்பதில் பெயர் பெற்றவர், 2002-இல் தம் 59 வயதில் இறந்தார். பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் முட்டியதன் விளைவே அது என்று மரண விசாரணையில் சொன்னார்கள். மயங்கி விழவைக்கும் பெரிய அடிதான் கெடுதல் என்றில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்கும் சின்னச் சின்ன அடிகளும் சேருகின்றன.

நானும் கார்னரில் ஆடியவன்தான். பாடி வருகிறவர்களின் முழங்காலாலும் குதிகாலாலும் தலையில் வாங்கிய அடிகளுக்குக் கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கைதட்டு வாங்கினேன். இன்று திருமண மண்டபத்தில் மேளச் சத்தமும் வீடியோ விளக்கும் சேர்ந்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. தாலி கட்டுவதற்குள் வெளியே வந்து நிழல் தேடி உட்கார்ந்துவிடுகிறேன். அரசு வேலை வந்ததும் சொந்தக்காரர்களை மதிப்பதில்லை என்று அதற்கு ஒரு பேச்சு. ஸ்கேன் எடுத்ததில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஸ்கேனில் தெரியாத பாதிப்பும் உண்டு என்று பிறகு வேறொரு நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் சி.டி.இ. என்ற நோய்தான் ஆஸ்டிலின் மூளையில் கண்டறியப்பட்டது. அதை, இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் இன்றுவரை உறுதி செய்ய முடிகிறது. எனக்கு அந்த நோய் இருப்பதாக நான் சொல்லவில்லை, எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஆனால் "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஏழைப் பையன்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டை விட்டால் வேறு வழியில்லை, அதையும் பயமுறுத்திக் கெடுக்காதீர்கள் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அந்த வழியில்தான் வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் இன்று ஒரு கோப்பின் இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் முதல் பக்கம் மறந்துபோகிறது. பக்கத்து இருக்கைக்காரர் பார்க்காதபோது திரும்ப முதலிலிருந்து படிக்கிறேன். மதியத்துக்கு மேல் எழுத்துகள் அசைகின்றன. தம்பி, வேலை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்த வேலையைச் செய்வதற்குத் தலை வேண்டும். ஒரு ஆட்டத்தில் பாதியில் உட்கார வைத்ததால் ஒதுக்கீடு போய்விடாது.

கடைசியாக, நான் எப்போதும் கோபமாகவே எழுதுகிறேன் என்று சொன்னவருக்கு. ஆம், எனக்குக் கோபம் வருகிறது. தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு மகளிடம் கத்திவிட்டு, அவள் அழுது முடித்த பிறகு ஏன் கத்தினேன் என்று தெரியாமல் நிற்கிறேன். அந்தக் கோபத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்தப் பதிவில் இருக்கும் கோபத்துக்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். என்னோடு வாதாட வருகிறவர்கள், அந்தப் பையன் ஞாயிறு இரவு வாந்தி எடுத்தானா, மறுநாள் அவனுக்குத் தலைவலி இருந்ததா, யாராவது அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்களா என்று அவன் வீட்டில் விசாரித்துவிட்டு வாருங்கள்.