கடலுக்குப் போகும் காவிரி வீணாவதில்லை

ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் "இத்தனை டிஎம்சி கடலில் வீணாகக் கலந்தது" என்று டிவியில் ஓடுகிறது. திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டைப் பக்கத்து ஆள் நான். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. காவிரியின் கிளைகளான கோரையாறும் பாமினியாறும் கொண்டுவந்து சேர்க்கும் அந்தத் தண்ணீர்தான், கடலோரச் சதுப்பில் நிற்கும் எங்கள் அலையாத்திக் காட்டுக்கு உயிர்.

உப்பில் வளரும் மரத்துக்கு நல்ல தண்ணீர் எதற்கு என்று படித்தவர்களே கேட்கிறார்கள். உப்பைத் தாங்குவது வேறு, உப்பில் செழிப்பது வேறு. படகில் போகும்போது ஓர் அலையாத்தி இலையைத் தடவிப் பாருங்கள், விரலில் உப்பு ஒட்டும். வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்து, மீறி உள்ளே வந்ததை இலைச் சுரப்பிகள் வழியாக மரம் வெளியே தள்ளுகிறது. வளர்ச்சிக்குப் போகவேண்டிய சக்தி இதில் செலவாகிறது. மண்ணில் உப்பு ஏற ஏற, வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் மரத்துக்கு வறட்சிதான். இலை சிறுத்து, மரம் இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும். விதை விழுந்தாலும் கன்று பிடிக்காது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் தேங்கி வற்றும் குட்டைகளில் அதையும் தாண்டும். அங்கே உமரி என்ற உவர்நிலச் செடிதான் மிஞ்சும், அதுவும் சிவந்துபோய். அதற்கும் மேலே போனால் வெறும் வெள்ளைப் பொருக்கு.

சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்தில் சுரபுன்னை என்ற இன்னொரு சதுப்பு மரம் அடர்ந்து நிற்கிறது. இங்கே அநேகமாக அலையாத்திதான். உப்பை அதிகம் தாங்குவது அதுதானே.

வெள்ளைக்காரன் காலத்தில் கூறுபோட்டு மொட்டையாக வெட்டிய இடங்களில் வெயில் பட்டு மண் தாழ்ந்தது, கடல் ஏற்றத்தில் வந்த ஓதத் தண்ணீர் வடியாமல் தேங்கி உப்பானது. பிறகு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டம் கொடுத்ததும் கன்றுகள் எழுந்தன. அந்த வாய்க்கால்கள் தூர்ந்தால் பழைய கதைதான். 2018 கஜா புயலில் இந்தக் காடு வாங்கிய அடிக்குப் பிறகு நடவு விழாக்கள் நிறைய நடக்கின்றன. நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் ஓட்டம் இல்லாத உவர்மண்ணில் நட்ட கன்று படத்தில் மட்டும்தான் நிற்கும்.

"குறுவைக்கே தண்ணீர் இல்லை, காட்டுக்கா?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஆற்றில் நல்ல தண்ணீர் இறங்காவிட்டால் கடல்நீர் மேலேறும். முதலில் கெடுவது கடைமடைக்காரரின் வயலும் போர் தண்ணீரும்தான். குழியடிச்சான் மாதிரி உப்புத் தாங்கும் நெல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. பயிர் தூர் கட்டாது, கதிர் பதராகும்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். உப்பு ஏறுவதும் அந்த மாதங்களில்தான். பாசனத்துக்குக் கணக்குப் போடும்போது கழிமுகத்துக்கும் ஒரு பங்கு எழுதுங்கள். ஆண்டுதோறும் காட்டுக்குள் இருக்கும் அந்த மீன்முள் வாய்க்கால்களைத் தூர்வாரப் பணம் ஒதுக்குங்கள்.