ஆமாம் தம்பி, ஜாக்கிதான் வைக்கிறார்கள்

பழைய பாலத்தை இடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் பேசியதை 40 விநாடிக்கு வெட்டி, "பெருசு பாலத்துக்கு ஜாக்கி வைக்கச் சொல்லுது" என்று சுற்றுக்கு விட்ட தம்பிக்கு முதலில் ஒரு வணக்கம். நன்றாகவே இருந்தது. என் பேரனே எனக்கு ஃபார்வர்டு பண்ணினான், நாலு சிரிப்பு பொம்மையோடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்கிதான் வைக்கிறார்கள். அமெரிக்காவில் சவானா ஆற்றுக்கு மேல் டால்மேட்ஜ் பாலம் என்று ஒன்று. இரண்டு பக்கமும் உயரமான தூண், அதிலிருந்து சரிவாக இறங்கும் கேபிள்கள்தான் தளத்தைத் தாங்குகின்றன. அதற்கு முன்னால் இருந்த பாலம் தாழ்வு என்று 90களின் தொடக்கத்தில் கட்டியது. கப்பல் போக 185 அடி உயரம் விட்டார்கள், அன்றைக்கு அது தாராளம். கன்டெய்னர் இறக்கும் துறையோ பாலத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. பெரிய கப்பல் வரட்டும் என்று ஆற்றை 47 அடிக்குத் தோண்டி 2022ல் முடித்தார்கள். இப்போது காலுக்குக் கீழே வழி இருக்கிறது, தலைதான் இடிக்கிறது.

அதற்காக இடித்துவிடவில்லை. 144 கேபிளையும் எப்படியும் மாற்ற வேண்டிய வயது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், புதுக் கேபிளைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டு ஜாக்கி வைத்து இழுத்தால் தளம் மேலே ஏறும். தூண் அதே தூண்தான். 205 அடி வரை உயர்த்தலாம் என்பது கணக்கு. முட்டிவரை தண்ணீர் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி என்று நான் சொன்னேனே, அதை ஏன் தம்பி வெட்டினீர்கள்?

இதைப் படித்துவிட்டுப் பேசவில்லை நான். கப்பலில் போசனாக, அதாவது மேல்தட்டு மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்தபோது அந்தப் பாலத்துக்கு அடியில் இரண்டு தடவை போயிருக்கிறேன். மேல்தட்டில் ஆன்டெனாவை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்போம். தண்ணீர் மட்டம் எவ்வளவு ஏறி இறங்கும், கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது எல்லாம் கேப்டன் கணக்குப் போட்டு, இடிக்காது என்று எழுதியே வைத்திருப்பார். இருந்தாலும் கிட்டே நெருங்க நெருங்க கப்பல் கொடிமரத்து முனை பாலத்தைத் தொட்டே விடும் போலிருக்கும். பக்கத்தில் நின்ற தூத்துக்குடிப் பையன் தன்னை அறியாமல் குனிந்தான். மேலே லாரி போகிற சத்தம் கேட்டது. அந்த அரை நிமிஷம் யாரும் மூச்சுவிடவில்லை.

"அமெரிக்காக்காரனிடம் பணம் இருக்கிறது சார்" என்பவர்களுக்கு: இருக்கிறவன்தான் ரிப்பேர் பண்ணுகிறான். 18.9 கோடி டாலர் வேலை அது. நமக்குத்தான் புதுசு, பூஜை, ரிப்பன்.

ஒரு இன்ஜினீயர் தம்பி, ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் 1974ல் கட்டிய கோல்பிராண்ட் பாலத்தை எடுத்துவிட்டுப் புதுசு கட்டப்போகிறார்களே என்றார். ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். அது தளர்ந்துபோன பாலம். எல்லாப் பாலமும் ஒன்றா? நியூயார்க் பக்கம் பயோன் என்கிற வளைவுப் பாலத்தில் அதே இரும்பு வளைவை வைத்துக்கொண்டு, வண்டி ஓட ஓட, சாலையை 64 அடி தூக்கினார்களே, அதை ஏன் சொல்லவில்லை? சவானாவிலும் இது நிரந்தரம் இல்லை, பின்னால் சுரங்கமா புதுப் பாலமா என்ற பேச்சு இருக்கிறது என்றும் அவரே சொன்னார். இருக்கட்டுமே. எனக்கும்தான் நிரந்தரம் இல்லை, அதற்காக மாத்திரை போடாமல் இருக்கிறேனா?

பழசைப் பார்த்துக்கொள்வது கஞ்சத்தனம் இல்லை. இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அப்புறம், "உனக்கு ஏன் இவ்வளவு எரியுது" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? நம் கடலில் கப்பல் சரக்கு இறக்க 1962ல் கட்டிய துறைமுகப் பாலம் நின்றதே, என் அப்பா அதில் மூட்டை சுமந்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காதுமடலில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும், அம்மா முந்தானையால் துடைப்பாள். பிற்பாடு நான் ஊருக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். சிமென்ட் பெயர்ந்து கம்பி வெளியே தெரியும். பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். "புதுசா கட்டிக்கலாம் பெரியவரே" என்றார்கள். 2022 மார்ச்சில் ஒரு பகுதி கடலில் விழுந்தது. அன்றைக்கு அங்கே நின்று செல்ஃபி எடுத்தவர்களை நான் பார்த்தேன்.

தம்பி, உங்களிடம் முழு வீடியோ இருக்குமே. 40 விநாடி முடிந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் அப்பாவைப் பற்றித்தான் சொன்னேன். அதையும் போடுங்கள்.