விபத்தில் உதவினால் காவல்துறை சிக்க வைக்குமா?

“சாலையில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால், போலீஸ் உங்கள் மீதே வழக்குப் போடும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும், பார்த்தும் பாராமல் போய்விடுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு, ஓர் உயிரையே பறித்துவிடக்கூடிய தவறு.

ஒரு காலத்தில் இந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதனாலேயே உதவுவோரைக் காப்பதற்கான வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் சட்ட வலு அளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது, அடிபட்டவருக்கு நேர்ந்த காயத்துக்காகவோ மரணத்துக்காகவோ சிவில், குற்றவியல் நடவடிக்கை எதுவும் எடுக்க முடியாது என்கிறது. 2020 செப்டம்பரில் வெளியான விதிகளின்படி, உதவியவரைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்டுக் காவலரோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தக் கூடாது. அவராக முன்வந்து சாட்சியாக இசைந்தால் மட்டுமே விசாரணை. அதையும் ஒரே தடவையில் முடிக்க வேண்டும். அவர் தம் வீட்டிலேயே விசாரிக்கச் சொன்னால், அதிகாரி சீருடையின்றிச் செல்ல வேண்டும். இந்த உரிமைகளை மருத்துவமனைகள் நுழைவாயிலிலோ கண்ணில் படும் வேறு இடத்திலோ எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதியே.

சட்டத்தின் முழு வாசகம் மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் உள்ளது. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.