பட்டியலில் நம் பெயரும் இருந்தது

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஹார்ட்ஸ்ஃபீல்ட்-ஜாக்சன் விமான நிலையத்தில் நம்மவர்கள் எத்தனையோ பேர் வந்து இறங்குகிறார்கள். அந்த ஜாக்சன் யார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மேனார்ட் ஜாக்சன், 1974இல் பதவியேற்ற அந்நகரின் முதல் கறுப்பின மேயர். ஊரில் பாதிப் பேருக்கு மேல் கறுப்பினத்தவர். ஆனால் நகர ஒப்பந்தங்களில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சதவீதம்கூட இல்லை. விமான நிலையத்துக்குப் புது முனையம் கட்டும் வேலையில் கால்வாசி சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று ஜாக்சன் பிடிவாதமாக நின்றார். பெரிய கம்பெனிகள் குதித்தன. 1980இல் முனையம் திறந்தபோது வேலை ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை.

பிறகு அமெரிக்க மத்திய அரசும் இதைக் கையில் எடுத்தது. 1983 சட்டத்தில் நெடுஞ்சாலைப் பணத்தில் 10 சதவீதம் பின்தங்கியவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு என்று இலக்கு, 1987இல் பெண்களும் சேர்ப்பு. இந்தத் திட்டத்தைச் சுருக்கமாக 'டி.பி.இ.' என்பார்கள். பலர் இதை இட ஒதுக்கீடு என்றே நினைக்கிறார்கள். அது சரியில்லை. தன் வட்டாரத்தில் தகுதியான சிறு நிறுவனங்கள் எத்தனை என்று கணக்கிட்டு, பணம் வாங்கும் மாநிலமோ நகரமோ தானே இலக்கு வைத்தது. டெண்டர் எடுப்பவர் அதை எட்ட வேண்டும், முடியாவிட்டால் உண்மையாக முயன்றதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

பினாமி இல்லாமலா? இருந்தது. பென்சில்வேனியாவில் ஒரு பாலத் தளவாட நிறுவனம் 15 வருடம் இன்னொருவர் பெயரை முன்னால் நிறுத்தி 13 கோடி டாலருக்கு மேல் வேலை எடுத்து மாட்டியது. நம் ஊர் பஞ்சாயத்து டெண்டரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

என்னை உறுத்துவது வேறு. ஆதாரம் கேட்காமலே பின்தங்கியவர் என்று அரசு முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட பட்டியலில் கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், பூர்வகுடிகளோடு இந்தியா, இலங்கையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அதாவது நாம். சொத்து வரம்பு ஒன்று உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் முதுகலைப் பட்டத்தோடு விமானத்தில் வந்தவரும், பாட்டன் காலத்தில் வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவரின் பேரனும் ஒரே வரிசையில் நின்றது எனக்கு எப்போதும் கூச்சம்தான்.

2025 அக்டோபரில் போக்குவரத்துத் துறை அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. இனி இனத்தையோ பாலினத்தையோ காரணமாகக் காட்ட முடியாது, தனக்கு நேர்ந்த பாதிப்பை ஒவ்வொருவரும் எழுதி நிரூபிக்க வேண்டும். மறுபரிசீலனை முடியும்வரை ஒப்பந்தங்களில் இலக்கு வைக்கவும் கூடாது. நியாயம்தானே என்று தோன்றும். எனக்கும் ஒரு நாள் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது, எழுதி நிரூபிக்க யாரால் முடியும்? வக்கீலும் கணக்காளரும் வைத்திருப்பவரால். இரண்டு லாரி வைத்து மண் அடிப்பவர் தனக்குக் கடன் மறுத்த வங்கியிடம் போய் 'ஏன் மறுத்தீர்கள்' என்று எழுதி வாங்கி வருவாரா? கடன் இல்லை என்றால், வேலையை முடித்துத் தருவார் என்பதற்கான உத்தரவாதப் பத்திரம் இல்லை, அது இல்லாமல் பெரிய வேலை இல்லை. இந்தச் சுழலை உடைக்கத்தான் இலக்கே வந்தது.

மண் பரிசோதனைக் கூடம் நடத்தும் நண்பர் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். அவருடைய டி.பி.இ. விண்ணப்பக் கடிதத்தை நான் கொஞ்சம் பார்த்துத் தரவேண்டுமாம். "எல்லாம் ரெடி. எனக்கு என்ன கஷ்டம் வந்ததுங்கிற பக்கம் மட்டும்தான் காலியா இருக்கு. நீதான் நல்லா எழுதுவியே" என்றார்.