கீழ்த்தளம் யாருடைய சொத்து?

போன சனிக்கிழமை கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். காணொளியும் சுற்றுகிறது. மூன்றாவது வரிசையில் நானும் இருந்தேன். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்தேன், முடியவில்லை.

சிங்கப்பூரில் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் வரக்கூடாது என்று அந்தக் கூட்டத்தில் சத்தம் போட்டார்கள், கையெழுத்தும் வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால் வீட்டு விலை குறைந்துவிடுமாம்.

கீழ்த்தளம் நம் சொத்து இல்லை. 99 ஆண்டுக் குத்தகைக்கு நாம் வாங்கியது நம் கதவுக்கு உள்ளே இருக்கும் இடத்தை மட்டும்தான். கீழே இருப்பது இந்த வீடுகளைக் கட்டிய அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது வீவகவின், பொது இடம். 1963இல் முதன்முதலாகக் கீழ்த்தளத்தைக் காலியாக விட்டுக் கட்டியதிலிருந்து அது எல்லாருக்குமான இடமாகத்தான் இருந்திருக்கிறது. மலாய்க் கல்யாணமும் அங்கேதான், சீனர் வீட்டுத் துக்கமும் அங்கேதான். நம் வீட்டுச் சாவுக்கும் அங்கேதானே பந்தல் போட்டோம்?

அப்புறம், நகர மன்றத்தை ஏன் இந்தத் திட்டு திட்டுகிறீர்கள்? மேயர் வைத்து ஊரை ஆண்ட மாநகர மன்றம் 1959இலேயே முடிந்துபோன கதை. இப்போதுள்ள நகர மன்றம் மின்தூக்கியையும் தாழ்வார விளக்கையும் துப்புரவையும் பார்த்துக்கொள்வது. எந்த நிலத்தில் எது வரலாம் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் சொல்கிறது. யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமலே கூட்டத்துக்கு நகர மன்றத்திலிருந்து வந்த அந்தச் சின்னப் பையனிடம் அவ்வளவு சத்தம் போட்டீர்கள். அவன் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

என் அம்மாவுக்கு மறதிநோய். கடைசி மூன்று வருடம் நாலு புளோக் தள்ளி இருக்கும் ஒரு நிலையத்துக்குத்தான் தினமும் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் அவரிடம் கம்பளி நூலையும் காகிதப் பூக்களையும் கொடுப்பார்கள். என் பெயரை மறந்த அம்மா, பூக்கட்டும் முடிச்சை மறக்கவில்லை. இரண்டு பூ, ஒரு சுற்று, ஓர் இழுப்பு. சாயங்காலம் ஒரு முழம் கட்டி மடியில் வைத்திருப்பார். அந்த நிலையம் இல்லையென்றால் நான் வேலையை விட்டிருப்பேன். அதற்கும் யாராவது கையெழுத்து வாங்கித் தடுத்திருந்தால்?

முன்கூட்டியே நம்மிடம் கேட்கவில்லை என்கிறீர்கள். சரி, அது நியாயம்தான், கேட்டிருக்கலாம். ஆம்புலன்ஸ் சத்தம் என்கிறீர்கள். நம் புளோக்குக்கு ஆம்புலன்ஸ் வந்ததே இல்லையா? 'உனக்கு வேண்டியது முடிந்துவிட்டது, அதனால் பேசுகிறாய்' என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். எனக்கு முடிந்துவிட்டது, உண்மைதான். அம்மா போய்விட்டார். உங்களுக்கு இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 2030இல் சிங்கப்பூரர்களில் நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். அந்த நாலில் ஒருவர் நம் புளோக்கில் மட்டும் இருக்க மாட்டாரா?

இது புதிதும் இல்லை. 2012இல் தோ யி டிரைவில் முதியோருக்கான ஸ்டூடியோ வீடுகள் வேண்டாம் என்றார்கள். 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் வெளிநாட்டு ஊழியர் விடுதி வேண்டாம் என்று கையெழுத்து வேட்டை நடந்தது. அப்போது நாமெல்லாம் எவ்வளவு கொதித்தோம்! நம் ஊர்ப் பிள்ளைகளை இப்படிச் சொல்கிறார்களே என்று தேக்காவில், நம் லிட்டில் இந்தியாவில், காப்பிக் கடைக்குக் கடை இதே பேச்சு. வாடகைக்கு வீடு தேடும்போது 'இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை' என்று முகவர் சொன்னதும் போனை வைத்துவிட்டு அழுதவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். சிராங்கூன் கார்டன்ஸ்காரர்களும் வீட்டு விலையைத்தானே காரணம் சொன்னார்கள்? அதே வார்த்தையை இன்று நம் வாயால், நடக்க முடியாத கிழவிகளைப் பார்த்துச் சொல்கிறோம். எனக்கு வலிப்பது இதுதான். மற்றவர்கள் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

கீழ்த்தளம் நம் சொத்து இல்லை. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள், புரியும்வரை சொல்வேன்.

கையெழுத்துத் தாள் என்னிடமும் வந்தது. நான் போடவில்லை. ஏழாவது பெயர் யாருடையது என்று பார்த்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா சுட்ட முறுக்கை டப்பாவோடு வாங்கிப் போனவர். கடைசியாகக் கொடுத்த டப்பா, நீல மூடி போட்டது, இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.